கீழைக் கடற்கரையும் போர்க்கால மறைப்புக் கலையும்

பாண்டவர் பன்னிரண்டு ஆண்டு வனவாசத்தை முடித்து, ஓராண்டுக் காலம் எவரும் அறியாமல் வாழவேண்டிய கட்டம் வந்தபோது, தம் ஆயுதங்களை வன்னி மரத்தில் மறைத்து வைத்த கதையை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஆயுத பூசையையொட்டி ஆண்டுதோறும் அக்கதை நினைவுகூரப்பெறுகிறது. ஆயினும் அதிலுள்ள ஒரு நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. மரத்தில் ஆயுதங்களைக் கட்டியதோடு பாண்டவர் அமைதியடையவில்லை. அருகே ஒரு பிணத்தையும் கட்டித் தொங்கவிட்டனர். சுடுகாட்டு ஓரத்து மரம்; அதில் பிண நாற்றம். அவ்வழி சென்றவர் எவரும் அம்மரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. காண்டீபத்தை இலைகள் மறைத்ததைக் காட்டிலும், வழிப்போக்கரின் அருவருப்பே நன்கு மறைத்தது.

படைக்கலத்தையும் படை நிலையத்தையும் பகைவர் கண்ணுக்குத் தெரியாமல் காப்பது அன்று தொட்டு இன்று வரை ஒரு கலையாகவே இருந்து வருகிறது. வள்ளுவப் பெருந்தகையும் பொருட்பாலில் காலமறிதலுக்கும் இடனறிதலுக்கும் ஒற்றாடலுக்கும் அரணுக்கும் தனித்தனியே அதிகாரங்கள் வகுத்துள்ளார். விமானமும் நீர்மூழ்கிக் கப்பலும் செயற்கைக்கோளும் தோன்றிய பின்னர் உலகத்துப் படைகள் இக்கலையைப் புதிதாகப் பயின்றன. இதனை இக்காலத்தார் உருமறைப்பு என்பர். உருமறைப்பு என்றவுடன் பச்சை வலையும் புள்ளியிட்ட சட்டையுமே நம் நினைவுக்கு வருகின்றன. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறொன்று புலனாகிறது. பகைவனின் கண் பொருளைத் தேடுவதைவிட மாற்றத்தையே தேடுகிறது. நேற்று இருந்தது இன்று இல்லையென்றால் அவன் விழித்துக்கொள்கிறான். ஆகவே அன்றாட வழக்கத்தைக் கலையாமல் காப்பதே மறைப்பின் உயிர்நிலை. அதைக் காப்பவரும் கெடுப்பவரும் பெரும்பாலும் தளபதிகள் அல்லர். தந்தி அடிப்பவர், கணக்கு எழுதுபவர், காய்கறி விற்பவர், விளக்கு ஏற்றுபவர் ஆகிய எளிய மனிதரே. இக்கருத்தை நம் கடற்கரையின் வரலாறு கொண்டே இங்கு விளக்க முற்படுகிறோம்.

நம் சூளூர்பேட்டை இக்கதைக்குப் புறம்பான ஊரன்று. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், கூடூர் செல்லும் இருப்புப்பாதையின் மேல் இவ்வூர் அமைந்துள்ளது. கிழக்கே பழவேற்காடு ஏரி. அதற்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. அதற்கும் அப்பால் வங்கக் கடல். பிழைப்பை நாடி இங்கு வந்து குடியேறிய தமிழராகிய நமக்கு, தெற்கே சென்னையில் நடந்ததும் வடக்கே விசாகப்பட்டினத்தில் நடந்ததும் ஒரே கரையின் செய்திகளே. 1914, 1942, 1971 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பகைவரின் போர்க்கப்பல்கள் இக்கடலில் உலவின. மூன்று முறையும் மறைப்புக் கலை தன் ஆற்றலைக் காட்டியது; தன் குறைகளையும் காட்டியது.

நான்காவது புகைபோக்கி

சூழ்ச்சியும் துணிவும் மிக்க ஒருவனை "அவன் பெரிய எம்டன்" என்று கூறும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. இச்சொல் நமக்கு வந்தது எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலிலிருந்து. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவு, கார்ல் ஃபான் முல்லர் என்னும் தலைவரின் கீழ் அக்கப்பல் சென்னைக் கடலில் தோன்றிக் குண்டு பொழிந்தது. துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் கொள்கலங்கள் தீப்பற்றி எரிந்தன. உலகப் போர் தொடங்கி ஏழு வாரங்கள் ஆகியும் அன்றிரவு நகரின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கலங்கரை விளக்கமும் வழக்கம்போல் ஒளி வீசியது. இருளில் வந்த பகைவனுக்குச் சென்னையே வழிகாட்டிற்று. சற்று நேரத்தில் தன் வேலையை முடித்துக்கொண்டு எம்டன் மறைந்தது.

சென்னைக்கு இல்லாதிருந்த அறிவு எம்டனுக்கு இருந்தது. அக்கப்பலுக்கு இயல்பாக மூன்று புகைபோக்கிகள். ஆங்கிலேயரின் யார்மத் என்னும் குரூசர்க் கப்பலுக்கு நான்கு. தொலைவிலிருந்து பார்ப்பவர் கப்பலின் பெயரைப் படிப்பதில்லை. புகைபோக்கிகளை எண்ணியே இன்ன கப்பல் என்று முடிவு கட்டுவர். இதனை அறிந்த ஜெர்மானியர் மரச்சட்டமும் கித்தானும் கொண்டு நான்காவது புகைபோக்கி ஒன்றைச் செய்து வைத்திருந்தனர். வேண்டும்போது அதை நிறுத்துவர், வேண்டாதபோது இறக்கிவிடுவர். அக்டோபர் 28-ஆம் நாள் விடியற்காலையில், இப்பொய்ப் புகைபோக்கியுடன் எம்டன் பினாங்குத் துறைமுகத்தினுள் நுழைந்து, ஜெம்சுக் என்னும் ரஷ்யக் குரூசரை மூழ்கடித்தது. தமிழர் பலர் வாழ்ந்த அப்பினாங்கிலும் எம்டனின் பெயர் பரவிற்று.

இந்த வெற்றிக்குப் பன்னிரண்டு நாட்களே ஆயுள். நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுக் கூட்டத்திலுள்ள டைரக்சன் தீவுக்கு எம்டன் சென்றது. கடலடித் தந்திக் கம்பிகள் சந்திக்கும் சிறு நிலையம் ஒன்று அங்கிருந்தது. அதை அழிப்பதே நோக்கம். அங்கே போர்வீரர் இல்லை, பீரங்கியும் இல்லை, தந்தி அலுவலர் சிலரே இருந்தனர். அவர்கள் வந்த கப்பலை உற்று நோக்கினர். நான்காவது புகைபோக்கி பொய் என்று கண்டுகொண்டனர். அந்நியக் கப்பல் வந்திருக்கிறதென்று உடனே கம்பியில்லாத் தந்தியில் அறிவித்தனர். படைகளை ஏற்றிச் சென்ற கப்பல் கூட்டம் ஒன்றுக்குக் காவலாக அப்பகுதியில் சென்றுகொண்டிருந்த சிட்னி என்னும் ஆஸ்திரேலியக் குரூசர் விரைந்து வந்து எம்டனை அடித்து நொறுக்கியது. துறைமுகக் காவலரையெல்லாம் ஏமாற்றிய கித்தான், மேசையருகே அமர்ந்து தம் கடமையைச் செய்த சில எழுத்தரை ஏமாற்ற இயலவில்லை. எழுத்துப் பணியில் காலந்தள்ளும் நம் போன்றோர் இதனைப் படிக்கும்போது சற்றுத் தலைநிமிர்தல் இயல்பே.

1942: மறைந்த துறையும் வெறிச்சிட்ட நகரும்

இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில் வீழ்ந்தது. ரங்கூன் மார்ச்சில் வீழ்ந்தது. பர்மாவில் வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் கால்நடையாகவே தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். ஏப்ரல் தொடக்கத்தில் நகுமோ என்னும் தளபதியின் தலைமையில், ஐந்து விமானம் தாங்கிக் கப்பல்களுடன் ஜப்பானியக் கடற்படை இந்தியப் பெருங்கடலில் புகுந்தது. ஏப்ரல் 5-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. மறுநாள் மற்றொரு ஜப்பானியப் பிரிவின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. 9-ஆம் நாள் திரிகோணமலை தாக்குண்டது. வங்கக் கடலில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கின.

நகுமோ தேடி வந்த முக்கியப் பொருள் ஆங்கிலேயரின் கீழைக் கடற்படை. அது கொழும்பில் இருக்குமென்று அவர் எதிர்பார்த்தார், அங்கில்லை. திரிகோணமலையிலும் இல்லை. கொழும்புக்குத் தென்மேற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மாலத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் அட்டு என்னும் தீவு வளையம் உள்ளது. தென்னை மரங்கள் அடர்ந்த சிறு தீவுகள் சுற்றி நிற்க, நடுவே ஆழமான அமைதி நீர். 1941 முதல் ஆங்கிலேயர் அங்கே எண்ணெய் நிரப்பும் நிலையமொன்றை அமைத்திருந்தனர். எழுத்திலும் பேச்சிலும் அதன் பெயரைச் சொல்லாமல் "போர்ட் டி" என்றே குறித்தனர். அட்மிரல் சோமர்வில்லின் கப்பல்கள் ஏப்ரல் 4-ஆம் நாள் எண்ணெயும் நீரும் நிரப்ப அங்கே சென்றிருந்தன. அத்தகைய துறை ஒன்று உள்ளதென்பதே ஜப்பானியருக்குத் தெரியாது. தெரியாத இடத்தை எவரும் தேடுவதில்லை. இம்மறைப்புக்கு வலையும் வேண்டியிருக்கவில்லை, சாயமும் வேண்டியிருக்கவில்லை. பெயரை வாய்விட்டுச் சொல்லாமையே போதுமானதாயிற்று. அட்டுக்கு வெளியே கடலில் அகப்பட்ட கார்ன்வால், டார்செட்ஷயர் என்னும் இரு குரூசர்களும், மட்டக்களப்புக் கரையருகே அகப்பட்ட ஹெர்மிஸ் என்னும் விமானம் தாங்கிக் கப்பலும் மூழ்கியமை அத்துறையின் அருமையை உணர்த்தும்.

அதே ஏப்ரல் இறுதியில் பர்மாவில் மற்றொரு சூழ்ச்சி நடந்தது. பீட்டர் ஃபிளெமிங் என்னும் எழுத்தாளர் அக்காலத்தில் இந்தியத் தரைப்படைத் தலைவர் வேவலின் கீழ்ப் பணியாற்றினார். ஐராவதி ஆற்றின் ஆவா பாலத்தருகே ஒரு மோட்டார் வண்டியைப் பாதையிலிருந்து கவிழ்த்து, வேவலே விபத்துக்குள்ளாகித் தம் பையை விட்டுவிட்டுச் சென்றது போல் தோற்றமளிக்கச் செய்தார். பையினுள் இருந்த தாள்கள் இந்தியாவில் பெரும்படை திரண்டிருப்பதாகக் கூறின. உண்மையில் அந்நாளில் இந்தியாவின் காவல் மெலிந்தே இருந்தது. இல்லாத வலிமையை இருப்பதாகக் காட்டுவதும் மறைப்பின் ஒரு பகுதியே.

பகைவனிடம் வலிமை இருப்பதாகக் காட்டிய அதே நாட்களில், சென்னையில் என்ன நடந்தது? இருட்டடிப்பு நடந்தது. தெரு விளக்குகளுக்கு மறைப்பு. மோட்டார் வண்டி விளக்குகளுக்குக் கறுப்புப் பூச்சு. வீட்டுச் சன்னல்களில் கறுப்புத் தாள். 1914-இல் கற்ற பாடம் இது. ஆனால் விளக்கை அணைத்த அரசாங்கம் செய்தியையும் அணைத்துவிட்டது. விசாகப்பட்டினத்தில் என்ன நடந்தது, அடுத்து என்ன நடக்கக்கூடும் என்பன மக்களுக்குத் தெளிவாக எட்டவில்லை. வதந்தியே செய்தியாயிற்று. இன்றியமையாத பணியில் இல்லாதோர் நகரை விட்டுச் செல்வது நலம் என்ற அறிவிப்பு வெளிவந்ததும் அச்சம் பன்மடங்காயிற்று. ரயில் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. வண்டி கிடைக்காதவர் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வெளியேறினர். அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் தப்பிவிடுமென்று அஞ்சி, பீப்பிள்ஸ் பார்க்கிலிருந்த மிருகக்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர்.

நகுமோவின் கப்பல்களோ ஏப்ரல் 9-ஆம் நாளுக்குப் பின் கிழக்கு நோக்கித் திரும்பிவிட்டன. பகைவன் சென்ற பின்னும் மக்கள் நாள்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருந்தனர். பின்னர் 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று வந்து சென்னையில் குண்டு வீசிச் சென்றது; சேதம் சிறிதே. ஆனால் 1942 ஏப்ரலில் வெறிச்சிட்ட தெருக்களும் பூட்டிய வீடுகளும் ஒரு குண்டுமின்றி விளைந்தவை. பகைவன் அறியலாகாத செய்தி ஒன்று. குடிமக்கள் அறிந்தே தீரவேண்டிய செய்தி வேறொன்று. இரண்டையும் ஒரே போர்வையால் மூடினால், பகைவன் செய்ய எண்ணிய தீங்கை நாமே நமக்குச் செய்துகொள்கிறோம். 1942 நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.

பாலைவனத்தில் ஒரு பொய் ரயில்

வேவல் இந்தியாவுக்கு வருவதற்கு முன் எகிப்தில் தலைமை வகித்தவர். அங்கே நடந்த சில செய்திகளை இருப்புப்பாதைத் துறையில் பணிபுரியும் நாம் கூறாமல் விட மனம் வரவில்லை. சங்க அன்பர்களில் பாதிப் பேர் ஏதேனும் ஒரு வகையில் ரயிலோடு தொடர்புடையவர் ஆதலின், அவர்களும் இதனை விரும்புவர்.

1941-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் ஆங்கிலேயர் ஒரு தாக்குதலுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தனர். படைக்கு வேண்டிய பொருள்களைக் கொண்டுசெல்ல மிஷைஃபா என்னும் இடத்தில் ஒரு ரயில் முனையம் அமைந்தது. பாலைவனத்தில் ரயிலை மறைக்க மரமில்லை, மலையில்லை. ஆகவே உண்மை முனையத்தை மறைப்பதற்கு மாறாக, அதற்கு அப்பால் பொய் முனையம் ஒன்றை எழுப்பும் பொறுப்பை ஸ்டீவன் சைக்ஸ் என்னும் ஓவியர் ஏற்றார். பெட்ரோல் டின்களைத் தட்டித் தட்டையாக்கித் தண்டவாளம் செய்தார். தட்டிகளால் எஞ்சினும் பெட்டிகளும் கட்டினார். எஞ்சினிலிருந்து புகை வரவேண்டுமே! அதற்குப் படையினரின் சமையல் அடுப்பு உதவிற்று. நடுவே பொருள்கள் போதாமற்போயின. உடனே அவர் எல்லாவற்றையும் ஒரே அளவில் சுருக்கிவிட்டார். தண்டவாளமும் பெட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தால், உயரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அவை சிறியவை என்று தெரியாது. பகைவரின் விமானங்கள் வந்து அத்தகர ரயிலின் மீது குண்டுகளைக் கொட்டின. உண்மை முனையத்தில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

நிலையத்தில் நாள் முழுதும் இருப்போருக்கு ரயில் நிலையத்தின் உயிர் எது என்று தெரியும். ஒரே பெட்டி ஒரே இடத்தில் ஒரு வாரம் நின்றால், ஊரில் திண்ணையில் அமர்ந்திருப்பவரும் "என்ன விஷயம்?" என்று கேட்பார். புகையும் நடமாட்டமும் சரக்குக் குவியலும் ஏறி இறங்க வேண்டும். பொய் நிலையத்தையும் நிலையமாகவே நடத்த வேண்டும். சைக்ஸ் இதனை உணர்ந்திருந்தார்.

அடுத்த ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் தொடங்கிய எல் அலமைன் போருக்கு முன், இக்கலை இன்னும் பெரிய அளவில் பயன்பட்டது. டாங்கியின் மேல் சட்டமிட்டுக் கித்தான் மூடி லாரிபோல் தோன்றச் செய்யலாம் என்று வேவல் முன்னரே ஒரு கோட்டுப் படம் வரைந்து கொடுத்திருந்தார். அவ்வகை மூடிகள் எழுநூற்றுக்கும் மேல் செய்யப்பட்டன. முதலில் அவ்விடத்தில் உண்மை லாரிகள் நின்றன. பகைவர் அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பழகினர். பின்னர் ஓர் இரவில் லாரிகள் நகர, மூடியணிந்த டாங்கிகள் அதே இடத்தில் வந்து நின்றன. டாங்கிகள் முன்பு நின்ற இடத்தில் பொய் டாங்கிகள் முளைத்தன. தெற்கு நோக்கி ஒரு பொய் நீர்க்குழாயும் அமைத்தனர். பகலில் வெட்டிய பள்ளத்தினருகே காலி டின்களைக் குழாய்போல் அடுக்குவர். இரவில் பள்ளத்தை மூடி, அதே டின்களை அடுத்த பகுதிக்கு எடுத்துச் செல்வர். அக்குழாய் வேலை நடந்த வேகத்தைக் கணக்கிட்ட பகைவன், தாக்குதல் தெற்கே வரும், அதுவும் நவம்பரில்தான் வரும் என்று எண்ணினான். தாக்குதலோ வடக்கே, அக்டோபரிலேயே வந்தது.

1971: விசாகப்பட்டினத்தில் இல்லாத விக்ராந்த்

மீண்டும் நம் கரைக்கு வருவோம். 1971-ஆம் ஆண்டின் இறுதியில் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. ஆக்ராவில் தாஜ்மஹாலின் வெண்பளிங்கு நிலவொளியில் விமானிக்கு வழி காட்டிவிடும் என்று அஞ்சி, அதனைத் துணியால் மூடினர். 1942-இலும் அதன் குமிழைச் சுற்றிச் சாரம் கட்டி உருமாற்றியிருந்தனர். கட்டடத்தைத் துணியால் மூடலாம். கடலில் மிதக்கும் விமானம் தாங்கிக் கப்பலை எதனால் மூடுவது?

ஐ.என்.எஸ். விக்ராந்த் அக்காலத்தில் இந்தியாவிடம் இருந்த ஒரே விமானம் தாங்கிக் கப்பல். அதன் கொதிகலனில் விரிசல் இருந்தமையால் முழு வேகத்தில் செல்ல இயலாத நிலை. அதனை மூழ்கடிக்கவே காஸி என்னும் பாகிஸ்தானிய நீர்மூழ்கிக் கப்பல், நவம்பர் 14-ஆம் நாள் கராச்சியிலிருந்து புறப்பட்டு இலங்கையைச் சுற்றி வங்கக் கடலில் புகுந்தது. கீழைக் கடற்படைப் பகுதியின் தலைவராக விசாகப்பட்டினத்தில் இருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். நாகர்கோயிலில் பிறந்த தமிழர். வலிமையற்ற கப்பலை வலிமையால் காக்க இயலாதென்று கண்ட அவர், அதனைச் சொல்லால் காக்கத் துணிந்தார்.

விக்ராந்த் சென்னையை விட்டு அகன்று, அந்தமான் தீவுகளில் ஒரு மறைவான துறைக்கு அனுப்பப்பட்டது. அத்துறைக்குப் பெயர் "எக்ஸ்-ரே துறை". முன்பு அட்டுவுக்கு எழுத்தையே பெயராக்கிய அதே முறை. அங்கே விக்ராந்த் வாய் திறவாமல் இருந்தது. இங்கே விசாகப்பட்டினத்திலோ ராஜ்புத் என்னும் பழைய நாசகாரிக் கப்பல் விக்ராந்தைப்போல் நடித்தது. ஒரு பெருங்கப்பலுக்குரிய அளவில் கம்பியில்லாத் தந்திச் செய்திகள் பறந்தன. நகரத்து வணிகரிடம் இறைச்சியும் காய்கறியும் பெருமளவில் கேட்கப்பட்டன. கடைவீதிக்கு ஒரு செய்தி போனால் அது அங்கேயே நிற்காது என்பது கிருஷ்ணனுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் சிகரமாக ஒரு தந்தி. விக்ராந்தில் பணிபுரியும் மாலுமி ஒருவன், கடும் நோயுற்ற தன் தாயின் நலம் கேட்டு அனுப்பியது போன்ற தனிப்பட்ட தந்தி அது. இரகசியக் குறியீடு ஏதுமின்றி வெளிப்படையாகவே அனுப்பப்பட்டது. போர்ச் செய்தியைச் சந்தேகிக்கும் பகைவனும், தாயின் நலம் கேட்கும் தந்தியைச் சந்தேகிப்பானா? பாண்டவர் வழிப்போக்கரின் அருவருப்பைப் பயன்படுத்தினர் எனின், கிருஷ்ணன் பகைவனின் மனிதத் தன்மையையே பயன்படுத்தினார்.

சென்னைக் கடலில் விக்ராந்தைத் தேடிய காஸி, பின்னர் விசாகப்பட்டினத்தை நோக்கி வந்தது. டிசம்பர் 3-ஆம் நாள் மாலையில் போர் வெளிப்படையாகத் தொடங்கியது. அன்று நள்ளிரவை ஒட்டி, லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங்கின் தலைமையில் ராஜ்புத் துறைமுகத்தை விட்டு வெளியேறியது. துறைமுகத்தின் வழிகாட்டு விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. வாயிலருகே நீர்மூழ்கி பதுங்கியிருக்கக் கூடும் என்றெண்ணி ராஜ்புத் நீரடி வெடிகளை வீசியது. சிறிது நேரத்தில் நகரமே அதிரும்படி ஒரு பெருவெடி கேட்டது. மறுநாள் மீனவர் கடலில் மிதந்த பொருள்களைக் கொண்டுவந்தனர். காஸி தன் மாலுமிகள் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோருடன் அழிந்துபோயிருந்தது. ராஜ்புத்தின் வெடியால் அழிந்ததென்பது இந்தியக் கடற்படையின் கூற்று. கப்பலுக்குள்ளேயே நேர்ந்த விபத்தென்பது பாகிஸ்தானின் கூற்று. எவ்வாறாயினும் விக்ராந்த் இல்லாத இடத்தில் விக்ராந்தைத் தேடி வந்தே காஸி அழிந்தது. அதே டிசம்பர் 4-ஆம் நாள் விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின.

இவ்வெற்றியைப் பாராட்டும்போது ஒரு கேள்வியை நாம் ஒதுக்கிவிடலாகாது. பகைவனைப் பொய்யான இடத்துக்கு இழுக்கும்போது, அப்பொய்யான இடத்திலும் மனிதர் வாழ்கின்றனரே? ராஜ்புத்தில் இருந்தவர் தாம் இரை என்று அறிந்தே சென்ற படைவீரர். விசாகப்பட்டினத்துக் காய்கறி வணிகர் அவ்வாறு அறிந்தவர் அல்லர். பாலைவனத்துத் தகர ரயில் எவர் வீட்டு வாயிலிலும் நிற்கவில்லை. விசாகப்பட்டினமோ குடிகள் நிறைந்த துறைமுகம். எனினும் 1942-இன் சென்னைக்கும் 1971-இன் விசாகப்பட்டினத்துக்கும் வேறுபாடு உண்டு. விசாகப்பட்டினம் எப்படியும் கடற்படையின் தலைமையிடம். பகைவன் அங்கே வரும் வாய்ப்பு முன்னரே இருந்தது. அங்கே தலைமை தன் இடத்தை விட்டு அகலவில்லை. மக்களைச் சூழ்ந்த இடரில் தானும் பங்குகொண்டு நின்றது. மக்களுக்கு எல்லாவற்றையும் கூற இயலாத தலைமை, மக்களுடனேயாவது நிற்கக் கடமைப்பட்டது என்பது எமது துணிபு.

வானத்துக் கண்

போருக்குச் சில வாரங்களுக்கு முன், 1971 அக்டோபர் 9-ஆம் நாள், நம் ஊருக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட்டாக ரோகிணி 125 ஏவப்பட்டது. 1980 ஜூலை 18-ஆம் நாள் அங்கிருந்தே எஸ்.எல்.வி.-3 ஒரு செயற்கைக்கோளை வானில் செலுத்தியது. அத்திட்டத்தின் இயக்குநர் இராமேசுவரத்து அப்துல் கலாம். செயற்கைக்கோள் வந்தபின் மறைப்புக் கலைக்கு மூன்றாவது சோதனை ஏற்பட்டது. கப்பலின் கண்ணும் விமானத்தின் கண்ணும் சிறிது நேரமே காணும். வானத்துக் கண்ணோ குறித்த நேரத்தில் மீண்டும் மீண்டும் வந்து, நேற்றைய படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிடும்.

1995-ஆம் ஆண்டு இராஜஸ்தானத்தின் பொக்ரானில் அணுச் சோதனைக்கு ஆயத்தங்கள் நடந்தபோது, அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் அவற்றைக் கண்டுவிட்டன, முயற்சி நின்றது. 1998-இல் அதே மணலில் அதே வானத்தின் கீழ் மீண்டும் வேலை நடந்தது. இம்முறை படையின் 58-ஆவது பொறியாளர் பிரிவினர் பெரும்பாலும் இரவில் உழைத்தனர். விடியுமுன் ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு வண்டியும் முந்திய நாள் நின்ற அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தப்பட்டது. தோண்டிய மணலைக் காற்றடிக்கும் திசைக்கேற்ப மேடுகளாக்கினர். கம்பிகளை மணலாலும் செடிகளாலும் மூடினர். அணுசக்தித் துறையின் தலைவர் ஆர். சிதம்பரமும் அப்துல் கலாமும் படை அதிகாரிகளின் உடையில், நட்ராஜ், பிருதிவிராஜ் என்னும் புனைபெயர்களில் வந்து சென்றனர். தமிழர் இருவர் இவ்வாறு பாண்டவரின் தலைமறைவு வாழ்வைச் சில காலம் மேற்கொண்டனர் எனலாம். மே 11-ஆம் நாள் சோதனை நிகழ்ந்த பின்னரே உலகம் அறிந்தது.

வண்டியை நிறுத்திய இடத்திலேயே மீண்டும் நிறுத்துதல் என்பது எவ்வளவு சிறிய செயல்! அதனைச் செய்த ஓட்டுநரின் பெயர் எவருக்கும் தெரியாது. ஒரு நாள் ஒருவர் சோம்பலால் பத்தடி தள்ளி நிறுத்தியிருந்தால், 1995-இன் கதையே மீண்டும் நடந்திருக்கக் கூடும்.

இன்று அக்கண்கள் நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே வானேறுகின்றன. 2009 ஏப்ரலில் ரிசாட்-2, 2012 ஏப்ரலில் ரிசாட்-1 ஆகிய ரேடார்ச் செயற்கைக்கோள்கள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டன. இவை இருளையும் மேகத்தையும் ஊடுருவிக் காணவல்லவை. கறுப்புத் தாள் ஒட்டிய சன்னலும் கித்தான் புகைபோக்கியும் இவற்றிடம் செல்லா. ஆயினும் மனிதரின் ஒழுங்கும் நாவடக்கமும் எக்காலத்தும் செல்லும்.

நம் கடமை

போரில் வென்ற இடங்களுக்குத் தூண் எழுப்புகிறோம். விசாகப்பட்டினக் கடற்கரையிலும் 1971-இன் வெற்றிச் சின்னம் நிற்கிறது. மறைப்புக்குத் தூண் எழுப்புவது அரிது. நன்றாக மறைத்தவற்றுக்குச் சுவடே இருப்பதில்லை. சன்னலில் தாள் ஒட்டிய தாய்மாரும், விளக்குக்கு உறை போட்ட நிலைய ஊழியரும், வந்த செய்தியைத் தந்திப் பலகையோடு நிறுத்திக்கொண்ட எழுத்தரும் வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. அவர்களின் நினைவு வீட்டுப் பேச்சிலேயே வாழ்ந்து, பேசுவோர் மறைந்ததும் மறைந்துபோகிறது.

1942-ஐ நேரில் கண்டவர் இனி மிகச் சிலரே. 1971-இன் இருட்டடிப்பு இரவுகளை அறிந்தவர் நம் குடும்பங்களிலேயே இன்னும் உள்ளனர். சங்கத்தின் இளைஞர் அவர்களிடம் அமர்ந்து கேட்டு, ஊர், ஆண்டு, நடந்தது ஆகியவற்றை அவர்கள் சொன்னபடியே எழுதி வைத்தல் வேண்டும். அவ்வெழுத்துகளுக்கு அடுத்த ஆண்டு மலரில் சில பக்கங்கள் ஒதுக்குமாறு செயற்குழுவினரையும் கேட்டுக்கொள்கிறோம். போர்க்காலத்தில் மறைத்தது கடமையாயிருந்தது. அமைதிக் காலத்தில் அதனை எழுதி வைப்பது நம் கடமை.